பிராசசருக்கு வைத்த சந்தனம்

கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த தலைமுறை நாம். நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களில் யாரும் இதை மறுக்க மாட்டீர்கள். ஆயுத பூஜையன்று மானிட்டரின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், கீபோர்டின் மேல் ஒரு செவ்வந்தி, பக்கத்தில் ஒரு தட்டுப் பொரி. அந்தப் பொரியில் ஒன்றிரண்டு உள்ளே விழுந்து, தை மாதம் வரை ஸ்பேஸ் பாரை அழுத்தும்போதெல்லாம் நொறுநொறுத்த வீடுகளும் உண்டு. ஆனால் பிராசசருக்கே பொட்டு வைத்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நான் வைத்தேன். 2003, புரட்டாசி. ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

தேதிகளில் நான் சிறுவயதிலிருந்தே பிடிவாதக்காரி. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளை எறியாமல், அதன் முதுகில் அன்றைய சங்கதியை எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். வீடு மாறியதில் டப்பா தொலைந்துவிட்டது. ஒரு பழைய அகராதிக்குள் செருகியிருந்த பதினெட்டுத் தாள்கள் மட்டும் தப்பின. விஜயதசமியில் தொடங்கித் தீபாவளிக்கு முன்பாக முடிகிற தாள்கள். அவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பேச்சுகளைத் தாள்களில் குறிக்கவில்லை. அவை நினைவிலிருந்து வருகின்றன. பிசகு இருந்தால் என்னுடையது.

அப்போது அவனியாபுரத்தில் குடியிருந்தோம். அப்பா அங்கேயே ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். அந்த வருடம் ஆனி மாதம், என் படிப்புக்கென்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். திருப்பரங்குன்றத்தில் புதிதாகக் கடை போட்டிருந்த ஓர் இளைஞர் பாகம் பாகமாகக் கொண்டுவந்து, எங்கள் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தார். கடைக்கார அண்ணன் என்றுதான் அவரை அழைப்போம். அவர் கை போன இடமெல்லாம் என் கண்ணும் போனது.

படிப்புக்கு வந்த கம்ப்யூட்டரை ஒரே மாதத்தில் அம்மா பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். பதினைந்து வருடம் அந்த விரல்களுக்கு வேலையில்லாமல் இருந்தது. தமிழ் எழுத்துகள் எந்தச் சாவியில் இருக்கின்றன என்று ஓர் அட்டையில் எழுதி, அடுப்படியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கு மேலே ஒட்டி மனப்பாடம் செய்தாள். குழம்பு கொதிக்கும்போது அவளுடைய விரல்கள் மேடைக்கல்லில் தாளம் போடும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "மிருதங்கம் படிக்கிறியா?" என்பார்.

அவளுக்கு முதல் வேலை எதிர்வீட்டிலிருந்து வந்தது. அங்கே இருந்தவர் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். சௌராஷ்டிரக் குடும்பம். எங்களிடம் தமிழில் பேசிக்கொண்டிருப்பார், பாதியில் திரும்பித் தன் அம்மாவிடம் வீட்டு மொழியில் ஏதோ சொல்வார், மறுபடி விட்ட இடத்திலிருந்து தமிழில் தொடர்வார். தெருவே அவரை டீச்சர் என்றது. மதுரை நெசவாளர்கள் தறியில் புழங்கும் சொற்களைப் பற்றி ஆறு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய கடைசி வேலைநாள் மாலைக்குள் ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து. அந்த இருநூற்றுச் சொச்சம் பக்கங்களை அடித்துத் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். சொன்னதற்காக அப்பாவிடம் திட்டும் வாங்கியிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை, பட்டறைக்குச் சந்தனக்கட்டையும் குங்குமப் பொட்டலமும் எடுத்துப் போக அப்பா வீட்டுக்கு வந்தார். நான் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தா, பொட்டு எங்குட்டு வைக்கப் போற?"

"மேலதான், டிவிக்கு வைக்கிற மாதிரி."

"டிவி என்ன வேலையா செய்யுது? மெசினுக்குன்னு ஒரு மொறை இருக்கு. லேத்தைப் பிரிச்சு, துடைச்சு, எந்த எடத்துல வேலை நடக்குதோ அந்த எடத்துல வைக்கணும். மூடி மேல தீத்திட்டுப் போறது சாமியவே ஏமாத்துறது."

"இதுல வேலை எந்த எடத்துலப்பா நடக்குது?"

"அது ஒனக்குத்தேன் தெரியும். படிக்கிற புள்ள!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு அது விளையாட்டுப் பேச்சு. எனக்கு அது கட்டளை.

மறுநாள் காலை அம்மா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே மாவு சலித்தது போலத் தூசி. வேலை நடக்கும் இடம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதன் தலையில் அவ்வளவு பெரிய ஃபேனை வைத்து ஆற்றுகிறார்களோ அதுதானே பாடுபடுகிறது. ஃபேனைப் பிடித்திருந்த இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் நெம்புகோல்களையும், கடைக்கார அண்ணன் மாட்டியதற்கு நேர்மாறாகத் தூக்கினேன். நான்கு கொக்கிகளும் விட்டன. அடியில் அலுமினியத் தகடுகள் அடுக்கிய கட்டியோடு ஃபேன் கையோடு வந்தது.

கீழே பிராசசர். வெள்ளி மூடி போட்ட சதுரமான சின்னச் சில்லு. அதன் நடுவிலும் ஃபேன் கட்டியின் அடியிலும் வெளுத்த சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது, காய்ந்த தயிர்க்கறை மாதிரி. புது மெஷினை இப்படியா அழுக்கோடு பூட்டுவார்கள் என்று கடைக்கார அண்ணன் மேல் கோபமே வந்தது. அப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த பனியன் கழிவுத் துணியை எடுத்து, இரண்டு பரப்பையும் என் மூக்கு தெரியும் அளவுக்குத் தேய்த்தேன். பிறகு அம்மா பன்னீர் விட்டு அரைத்து வைத்திருந்த சந்தனத்தில் மோதிர விரலைத் தொட்டு, வெள்ளி மூடியின் நட்டநடுவில் ஒரு பொட்டு. அதன் மேல் துளி குங்குமம். ஃபேனை வைத்து, நெம்புகோல்களை அழுத்தி, தகட்டை மூடினேன். உலகத்திலேயே முறையாக ஆயுத பூஜை செய்த ஆள் நான்தான் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி, முதல் தாள்: "கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. அம்மா ஒன்பது பக்கம்." இரண்டாம் தாளிலும் குறை இல்லை. அறை முழுக்க ஒரு நறுமணம். கையெழுத்துப் பிரதியோடு வந்த டீச்சர் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார்.

"ஒங்க வீட்டுக்குள்ள வந்தா கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்குக்கா. ஊதுபத்தி என்ன ஊதுபத்தி?"

"நான் ஒண்ணும் கொளுத்தலையே டீச்சர்," என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் பிற்பகல் பெட்டிக்குள்ளிருந்து பீ-பா, பீ-பா என்று தீயணைப்பு வண்டி போலச் சத்தம் வந்தது. அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். சத்தம் நின்றது, திரையும் இருண்டது. ஒன்றரைப் பக்கம் போயிற்று. ஆறவிட்டுப் போட்டால் ஓடியது, மறுபடியும் ஊளையிட்டு அணைந்தது. எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று தாளில் குறித்து வைத்தேன். மூன்றாம் நாள் இருபத்திரண்டு, பதினேழு. நான்காம் நாள் பதினைந்து. ஐந்தாம் நாள் பதினொன்று.

அம்மா அதற்கேற்ப ஒரு முறையை வகுத்துக்கொண்டாள். பத்து நிமிடம் அடிப்பது, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் சேமிப்பது, சத்தம் வருமுன் தானே அணைப்பது, டேபிள் ஃபேனைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைவது. ஈரத்துண்டைச் சுற்றி வைக்கலாமே என்று அப்பா ஒரு யோசனை சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு நாளைக்கு ஒன்பது பக்கம் என்பது மூன்றாயிற்று.

ஐந்தாம் நாள் மாலை அப்பா கடைக்குப் போன் போட்டார். முன்னறைச் சுவரோரம் நான் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, அவர் பேசிய ஒரு பக்கத்தை மட்டும் கேட்டேன்.

"ஏந்தம்பி, பழைய சாமானைப் பூட்டிக் குடுத்துட்டியா? ... யாரும் கழட்டலப்பா. எவன் கழட்டுவான்? ... என்னது, பேஸ்டா? பல்லு வெளக்குற பேஸ்டா? ... ஃபேனுக்கும் அதுக்கும் நடுவுலயா? வெள்ளையா? அது இல்லாட்டி சூடு எறங்காதா? சரி, நீ வச்சியா வைக்கலையா? ... வச்சேன்னு நீ சொல்ற. நான் என்னத்தக் கண்டேன்? ... நாளைக்கு வரலேன்னா நான் அங்க வாரேன். கடை முன்னாடி நின்னு சத்தம் போட்டேன்னா நல்லாருக்காது, ஆமா."

நோட்டில் இருந்த எண்கள் நீந்தத் தொடங்கின. காய்ந்த தயிர்க்கறை.

உடனே சொல்லியிருக்கலாம். அப்பா அடிக்கிறவர் இல்லை. அடிக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டால் கம்ப்யூட்டர் நிஜமாகவே செத்துப்போனதாக ஆகிவிடும், சொல்லாமல் இருந்தால் அது தானாகத் தேறிவிட ஒரு வழி இருக்கிறது என்று நம்பினேன். பதின்மூன்று வயதுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆறாம் தாளிலும் ஏழாம் தாளிலும் நிமிடக் கணக்கைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை.

கடைக்கார அண்ணன் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. "ஏமாத்துக்காரப் பய, பாரு, ஒளியிறான்," என்றார் அப்பா. பட்டறையிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் டீச்சர் வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. புடவைத் தலைப்பின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீக. சிம்மக்கல்லுல ஒரு டிடிபி சென்டர்ல கேட்டேன். மூணு பேரு உக்காந்து அடிச்சா முடிச்சிரலாம்ங்கிறாங்க. மிச்சப் பக்கத்தை அவுங்ககிட்ட..."

"அவுங்களுக்கு ஒங்க தறிச் சொல்லெல்லாம் அடிக்க வருமா டீச்சர்? போன தடவை ஒரு பக்கத்துல நாப்பது தப்புன்னு நீங்கதான சொன்னீக?"

"வராதுதான். எனக்கு வேற வழி தெரியலக்கா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. பதிவு போச்சுன்னா வேலையும் நிரந்தரமாகாது."

அம்மா அடிக்க வேண்டிய மிச்சப் பக்கங்களை எண்ணிப் பார்த்தாள். "ரெண்டு நாள் குடுங்க. அதுக்கு மேல நானே கொண்டாந்து குடுத்துர்றேன்," என்றாள். டீச்சர் தலையாட்டிவிட்டுப் போனார். அம்மா அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. மேடைக்கல்லில் அவள் விரல்கள் தாளம் போடும் சத்தமும் கேட்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது தாளில் இருக்கிறது. காரணம் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் காலை கடைக்கார அண்ணன் வந்தார். நல்ல மழை. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சைக்கிளில் வந்திருந்தார்.

"வாங்க சார், இப்பத்தேன் வழி தெரிஞ்சுச்சா?" என்றார் அப்பா.

"தீபாவளி நேரம்ணே. எம்புட்டுச் சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீக. எடத்தக் காட்டுங்க."

பாயை விரித்தார். பக்கத் தகட்டைக் கழற்றினார். அப்பா ஒருபுறம், அம்மா ஒருபுறம், நான் கதவோரம். நெம்புகோலில் அவர் கை வைத்ததும், "நீ வச்ச பேஸ்ட எங்க கண்ணு முன்னாடி காட்டு," என்றார் அப்பா. "இருந்துச்சுன்னா ஒன் காலைத் தொடுறேன். இல்லேன்னா மெசினைத் தூக்கிட்டுப் போயிரு."

கடைக்கார அண்ணனின் காது சிவந்தது. அந்தச் சிவப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அண்ணே, அதுல பேஸ்ட் இருக்காது. நான் தொடச்சிட்டேன். அதுல சந்தனம் இருக்கு."

கடைக்கார அண்ணன் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னா இருக்கு?"

"சந்தனம். ஆயுத பூஜைக்கு வச்சேன்."

அவர் நெம்புகோலைத் தூக்கினார், ஃபேனை எடுத்தார், அடியைத் திருப்பிப் பார்த்தார். வெந்து, வெடித்து, காய்ந்த குளத்துச் சேறு மாதிரிப் பாளம் பாளமாக இருந்தது. நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம்.

"குங்குமமும் வச்சியா?"

"வச்சேன்."

பாயில் சாய்ந்து இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டார். "அண்ணே, இந்தப் பெட்டிக்குள்ள நான் பல்லி பாத்திருக்கேன். எறும்புப் புத்து பாத்திருக்கேன். ஒரு வீட்டுல எலி குட்டி போட்டு வச்சிருந்துச்சு. சாமி குடியிருந்து இப்பத்தேன் பாக்குறேன்!"

முதலில் சிரித்தது அம்மா. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"வேலை நடக்குற எடத்துல வைன்னு நாந்தேன் சொன்னேன்," என்றார் மெதுவாக. "புள்ள சரியான எடத்துலதான் வச்சிருக்கு."

கடைக்கார அண்ணனிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. பாயில் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக, இன்னொரு தொழில்காரனிடம் கேட்பது போலக் கேட்டார்.

"ஏந்தம்பி, ரெண்டு பக்கமும் எம்புட்டு நைஸா இருக்கு. சும்மா வச்சு அமுக்குனாப் பத்தாதா? எதுக்கு நடுவுல பேஸ்டு?"

"கண்ணுக்குத்தாண்ணே நைஸு. உள்ள மேடு பள்ளம் இருக்கும். பள்ளத்துல காத்து நிக்கும். காத்து சூட்டக் கடத்தாது."

"அடடே! நாங்க பட்டறையில ரெண்டு பரப்பு ஒட்டுதான்னு பாக்க நீலம் தடவுவோம். தடவி அமுக்கி எடுத்தா அங்கங்கதேன் ஒட்டும். அந்த மாதிரியா?"

"அதேதான்ணே. அந்தப் பள்ளத்தை ரொப்பத்தான் பேஸ்டு. சந்தனமும் ஈரமா இருந்த மட்டும் ரொப்பியிருக்கு. காஞ்சதும் விட்டுருச்சு."

அப்பா மண்ணெண்ணெய் எடுக்க எழுந்தார். "ஐயோ, அது வேணாம்ணே," என்று கடைக்கார அண்ணன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். சந்தனம் லேசில் விடவில்லை. துடைத்து முடித்ததும் பையிலிருந்து ஊசி போடும் சிரிஞ்சு மாதிரி ஒன்றை எடுத்தார். அதில் வெள்ளைக் களிம்பு அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"நான் வைக்கிறேன் தம்பி," என்றாள் அம்மா. யாரும் எதிர்பார்க்கவில்லை. "எம்புட்டு வைக்கணும்?"

"ஒரு தொவரம்பருப்பு அம்புட்டுத்தான்க்கா. நட்டநடுவுல. தேய்க்க வேணாம், ஃபேனை அமுக்குனா அதுவாப் பரவிக்கிரும்."

"இம்புட்டுக்காண்டியா? நல்லாத் தாராளமா வையிப்பா," என்றார் அப்பா.

"கூட வச்சா வெளிய வழிஞ்சு வேற எடத்துல ஏறும்ணே. இது கல்யாணச் சாப்பாடு இல்ல."

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். கடைக்கார அண்ணன் ஃபேனைச் சாய்க்காமல் நேராக இறக்கினார். நான்கு கொக்கிகளும் மாட்டியதைத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டு நெம்புகோலையும் ஒரே சமயத்தில் அழுத்தினார். பலகை வளைவது போலிருந்தது. 'டக்' என்றது. ஃபேனின் ஒயரைச் செருகி, சுவிட்சைப் போட்டு, நீலத்திரை ஒன்றை வரவழைத்து, அதன் மூலையில் ஓர் எண்ணைக் காட்டினார்.

"இதுதான் அதோட ஒடம்புச் சூடு. எழுபதத் தாண்டுனா ஊளையிடும். பாப்போம்."

நால்வரும் பாயில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்தோம். முப்பத்தாறு. முப்பத்தொன்பது. நாற்பத்தி மூன்றில் அப்பா கையைப் பிசைந்தார். நாற்பத்தேழு. பதினொரு நிமிடம் கடந்ததை நான்தான் சொன்னேன். இருபத்திரண்டு கடந்ததையும் நான்தான் சொன்னேன். ஐம்பத்தொன்றுக்கு வந்து நின்றது. ஐம்பத்திரண்டு, மறுபடி ஐம்பத்தொன்று. மழை விட்டிருந்தது. அப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"காய்ச்சல் நின்னுருச்சு. தம்பிக்குக் காப்பி போடு," என்றார் அம்மாவிடம். அவள் காதில் அது விழவில்லை. அவள் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்து நூற்று முப்பத்தி நான்காம் பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தாள். காப்பியை நான் போட்டேன்.

கடைக்கார அண்ணன் புறப்படும்போது பையைக் கட்டுவதைப் பார்த்தேன். உள்ளே புதிதாக ஒரு பிராசசர், டப்பா பிரிக்காமல். பழுது யாருடையது என்று தெரியாமலேயே, தேவைப்பட்டால் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். அது கிடைப்பதற்குத்தான் மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும். அவர் அதை அப்பாவிடம் காட்டவும் இல்லை, சொல்லவும் இல்லை. இப்போது இதை எழுதும்போதுதான் அதன் கனம் எனக்குத் தெரிகிறது. அன்று எனக்கிருந்த நிம்மதியில் வேறெதுவும் உள்ளே இறங்கவில்லை. நான்கு நாள் வயிற்றில் கிடந்த கல்லைத் தூக்கிப் போட்டவள் நான். அன்று மத்தியானம் ரசச் சோறு மட்டுமே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டதாகத் தாள் சொல்கிறது.

அதன்பின் தாள்களில் பக்க எண்கள் மட்டும்தான். பதினைந்து, பதினெட்டு, இருபது. டீச்சர் கல்லூரி முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொற்களைத் திருத்துவார். பதினேழாம் நாள் மாலை கடைசிப் பக்கம் முடிந்தது. பதினெட்டாம் நாள் மதியத்துக்குள் அச்சாகி, பைண்டிங் முடிந்து, மாலைக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும்.

பதினெட்டாம் நாள் காலை, இரவல் வாங்கி வந்திருந்த பிரின்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது டீச்சர், "நன்றியுரையில ஒரு வரி விட்டுப்போச்சுக்கா. அதை மட்டும் சேத்துருங்க," என்றார்.

"சொல்லுங்க."

"இவ்வாய்வேட்டைப் பிழையின்றித் தட்டச்சு செய்து உதவிய..." என்று தொடங்கி, அம்மாவின் பெயரைச் சொன்னார்.

அம்மாவின் விரல்கள் நின்றன. "எதுக்கு டீச்சர்," என்றாள்.

"அடிங்கக்கா, நேரமாச்சு."

அம்மா அடித்தாள். பக்கம் வெளியே வந்தது, கட்டோடு சேர்ந்தது, பைண்டிங்குக்குப் போனது. மாலை ஐந்தரைக்கு டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒப்புகைச் சீட்டு. தெருவிலிருந்தே அதை ஆட்டிக் காட்டினார். தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் வீட்டுக்குள் வந்து, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

எங்களுக்கென்று ஒரு பிரதி கொண்டுவந்திருந்தார். அப்பா பட்டறையிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அதை வாங்கி நன்றியுரைப் பக்கத்தைப் பிரித்தார். மனைவியை 'இந்தா' என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவர். அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். "பிழையின்றித் தட்டச்சு செய்து உதவிய," என்று வந்து, பெயரில் தடுக்கி நின்றார். எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கண்ணை அகல விரித்தார்.

"ஏய், ஒம் பேர்ல ஒரு துணைக்காலைக் காணோம்!"

அம்மா பிடுங்கிப் பார்த்தாள். இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் அவள் விட்ட ஒரே பிழை. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்குப் போன பிரதிகளிலும் அப்படியேதான் போயிருந்தது.

"விடுங்க டீச்சர்," என்றாள் அம்மா. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "கால் இல்லாட்டி என்ன, போய்ச் சேந்துருச்சுல்ல."

அப்பா புத்தகத்தைத் திரும்ப வாங்கி, விட்டுப்போன காலையும் சேர்த்து, அந்தப் பெயரைச் சரியாக, சத்தமாக இன்னொரு தடவை படித்தார்.